கொலாஜ்: பாதியில் நிறுத்தி அடுத்தவரிடம் கொடுப்பது

கொலாஜ் (தாள்களையும் படங்களையும் வெட்டி ஒட்டி உருவாக்கும் படம்) செய்யத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், முதலில் எதையும் வாங்காதீர்கள் என்று சொல்வது என் வழக்கம். ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை, கெட்டி அட்டை இருந்தால் போதும். மற்றதையெல்லாம் கேட்டு வாங்கலாம். பழைய பத்திரிகைகள், தையல் பிரிந்த நிலப்பட நூல்கள், போன வருட நாட்காட்டி, கடித உறைகளின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் நீல நிறப் பின்னல் கோடுகள் (இவற்றுக்காகவே வங்கிக் கடிதங்களை எதிர்பார்த்திருப்பவர்களை எனக்குத் தெரியும்) என்று யாரிடமாவது ஏதாவது கிடக்கும். கொலாஜ்காரர்கள் சேர்த்துவைப்பதில் கருமிகள். கேட்டால் கொடுப்பதில் தாராளமானவர்கள். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கின்றன என்று ஆரம்பத்தில் எனக்கு வியப்பாக இருந்தது. தன்னிடம் பல வருடங்கள் கிடந்தும் எந்தப் படத்திலும் உட்காராத ஒரு துண்டு, இன்னொருவரின் மேசையில் போய் ஒரே நாளில் இடம் பிடித்துவிடுவதை அடிக்கடி பார்த்தவர்கள் அப்படித்தான் ஆவார்கள் என்பது பிறகு புரிந்தது.

நான் இந்த வட்டத்துக்குள் வந்தது அஞ்சல் வழிப் பரிமாற்றம் ஒன்றின் மூலம். அஞ்சலட்டை அளவில் ஒரு கொலாஜ் செய்து, குழுவில் நமக்கு ஒதுக்கப்பட்டவருக்கு அனுப்ப வேண்டும். நமக்கு வேறொருவரிடமிருந்து வரும். எனக்கு வந்த முதல் உறையில் முடித்த படத்தோடு, மெல்லிய தாளில் மடித்த சில துண்டுகளும் இருந்தன. ஒரு விட்டில்பூச்சியின் பழைய செதுக்கோவியம், இடுப்புவரை வெட்டிய ஒரு நீச்சல்காரர், பெயர் தெரியாத ஒரு மலை. ‘என்னிடம் நெடுநாளாகச் சும்மா கிடக்கின்றன, உங்களுக்கு உதவுமா பாருங்கள்’ என்று ஒரு வரி. அந்த நீச்சல்காரரை நான் பிறகு பயன்படுத்தினேன். அவருடைய தோளை ஒட்டி, தண்ணீரின் ஒரு கீற்றையும் சேர்த்து வெட்டியிருந்தார் அனுப்பியவர். நான் வெட்டியிருந்தால் அந்தக் கீற்றை விட்டுவைத்திருக்க மாட்டேன். ஆனால் படத்தில் எல்லோர் கண்ணும் போய் நின்றது அந்தக் கீற்றில்தான். புகைப்படம் எடுத்தவர், பத்திரிகையின் பக்கத்தை அமைத்தவர், வெட்டிக் கொடுத்தவர் என்று என் படத்துக்குள் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். நான் நான்காவது ஆள்.

இந்தக் கலையை எப்போதும் தனி மேதைகளின் பெயரால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கதைகளைச் சற்றுக் கூர்ந்து படித்தால் ஒவ்வொன்றிலும் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். 1912-இல் பிக்காசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஓவியர் பிராக், பிரான்சின் அவிஞ்ஞோன் நகரக் கடை ஒன்றில் பார்த்த மர வரி அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி ஒட்டினார். நண்பர் பிக்காசோ பாரிசுக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, அவர் போன பிறகுதான் வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. துண்டுகளை ஒளித்துவைக்கும் பழக்கமும் இந்தக் கலையோடு கூடவே பிறந்திருக்கிறது.

அதற்கும் மிக முன்பே, மேரி டிலேனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 72 வயதில், 1772-இல், வண்ணத் தாள்களை வெட்டிக் கருப்புப் பின்னணியில் பூக்களை ஒட்டத் தொடங்கினார். கண்பார்வை கைவிடும்வரை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் அவர் செய்து முடித்தவை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ‘இனிமேலா தொடங்குவது’ என்று தயங்குபவர்கள் எங்கள் குழுவில் சேரும்போது யாராவது ஒருவர் இவர் பெயரைச் சொல்லிவிடுவார்.

ஹன்னா ஹோக் என்ற ஜெர்மன் கலைஞரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரபுக் கலையைக் கேலி செய்த டாடா இயக்கத்தின் பெர்லின் குழுவில் இருந்த இவர், 1916 முதல் பத்து ஆண்டுகள் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் கைவேலைப் பிரிவில் பூத்தையல், பின்னல் மாதிரிகளை வரைந்து சம்பாதித்தார். அதே பதிப்பகத்தின் படப் பத்திரிகைகளை வெட்டித்தான் ‘சமையலறைக் கத்தியால் வெட்டியது’ என்று தொடங்கும் நீண்ட தலைப்புள்ள தன் பெரிய படத்தை 1919-20-இல் செய்தார். 1920-ஆம் ஆண்டு டாடா கண்காட்சியில் அவரைச் சேர்க்கவே குழுவின் சில ஆண்கள் விரும்பவில்லை. அன்றாடம் கையில் புழங்கும் தாளை அவர் எடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். உங்கள் வேலையில் எந்தக் காகிதம் வந்து குவிகிறதோ அதில் தொடங்குங்கள். மருந்துத் துண்டுத்தாள்கள், வரைபடத் தாள்கள், விடைத்தாளின் ஓரங்கள் எதுவானாலும் சரி. அரிய பழைய பத்திரிகைகளைத் தேடி அலைபவர்களின் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லோரும் ஒரே பத்தாண்டின் விளம்பரங்களில் ஒரே பெண்களின் தலையை எடுத்துவிட்டுப் பூங்கொத்தை வைக்கிறார்கள்.

இனி பசை. கொலாஜ்காரர்கள் இருவர் சந்தித்தால் அழகியலைப் பற்றிப் பேசுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பசையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

தாள் ஈரத்தைக் குடித்ததும் விரிகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. குமிழ், சுருக்கம், வளைவு என்று வரும் எல்லாத் தொல்லைக்கும் இதுவே வேர். தாளின் இழைகள் இயந்திரத்தில் ஓடும்போதே பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. நனைந்த இழை நீளத்தில் அதிகம் மாறாது, குறுக்கே பருக்கும். அதனால் தாள் இழைக்குக் குறுக்கான திசையில் விரியும். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய, தாளை மடிப்பு விழாமல் இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது மடிப்பு விழக்கூடிய கோட்டின் போக்கே இழையின் போக்கு. கிழித்துப் பார்த்தாலும் தெரியும். இழையோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் இஷ்டத்துக்குப் போகும். பெரிய துண்டுகளின் இழையும் அடிஅட்டையின் இழையும் ஒரே போக்கில் இருக்கும்படி ஒட்டினால் வளைவு பாதி குறையும். மீதிப் பாதிக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அட்டையின் பின்புறத்திலும் அதே கனமுள்ள ஒரு தாளை, அதே பசையால், அதே இழைப் போக்கில் ஒட்டிவிடுவது. முன்னால் இழுப்பதைப் பின்னால் இருப்பது இழுத்துச் சமன் செய்துவிடும். புத்தகம் கட்டுபவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த வித்தை. எங்கள் குழுவில் இதைச் சொல்லிக்கொடுத்தவரும் புத்தகம் கட்டுபவர்தான்.

வழவழப்பான பத்திரிகைத் தாளில் களிமண் பூச்சு இருப்பதால் அது ஈரத்தை மெதுவாக, ஒரே சீராக இல்லாமல் வாங்கும். பசை தடவியதும் ஒட்டினால், ஒட்டிய பிறகு விரிந்து குமிழ்விடும். பசையைத் தடவி அரை நிமிடம் விட்டுவையுங்கள். முதலில் சுருளும், பிறகு தளர்ந்து படியும். படிந்ததும் எடுத்து வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிய ரப்பர் உருளையால் உருட்டுங்கள். உருளை இல்லையென்றால் மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்க்கலாம். அதன்பின் பட்டர் பேப்பரோடு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு. இந்த ஒரு இரவைக் கொடுக்கப் பொறுமையில்லாதவர்கள்தான் புதிது புதிதாகப் பசை வாங்குகிறார்கள்.

எந்தப் பசை என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பளபளப்பில்லாமல் காயும் அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் வண்ணம்) பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும். பசையாகவும் இருக்கும், மேற்பூச்சாகவும் இருக்கும். வெள்ளை நிற பிவிஏ பசை வலுவானது, ஆனால் ஒருமுறை பிடித்தால் விடாது. தவறான இடத்தில் வைத்துவிட்டால் தாள்தான் கிழியும். ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசை மெதுவாகப் பிடிக்கும், பின்னாளில் நீரால் பிரித்தும் விடலாம். பழைய ஆவணங்களைச் சீர்ப்படுத்துபவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அதுவே. குச்சிப் பசையில் ஈரம் குறைவு என்பதால் சுருக்கம் வராது, குறிப்பேட்டில் ஒட்டிப் பழக வசதி. சில வருடங்களில் ஓரங்கள் எழும்பும். ரப்பர் சிமென்ட் மட்டும் வேண்டாம். ஒட்டும்போது அதைப்போல் சுகமான பசை வேறு இல்லை, ஆனால் காலப்போக்கில் பழுப்புக் கறையை விட்டுவிட்டுப் பிடிப்பையும் இழந்துவிடும். தெளிப்பான் பசையை ஜன்னல் திறந்திருக்கும் அறையிலோ வெளியிலோ மட்டும் பயன்படுத்துங்கள்.

மெல்லிய பத்திரிகைத் தாள் பசையில் நனைந்ததும் கண்ணாடிபோல் ஆகி, பின்பக்க அச்சு முன்னால் தெரியத் தொடங்கும். நீல வானத்தில் திடீரென்று கார் விளம்பரத்தின் எழுத்துகள் எழும். வெட்டுவதற்கு முன்பே தாளைக் கறுப்பு அட்டை மேல் ஒருமுறை, வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை வைத்துப் பாருங்கள். பின்னால் கனத்த அச்சு இருந்தால் பின்புறத்தில் மெல்லிய வெள்ளை அக்ரிலிக் பூச்சு ஒன்று கொடுத்துக் காயவைத்துவிட்டு ஒட்டலாம். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியின் படங்கள் ஈரப் பசையில் கரைந்து ஓடக்கூடும்; லேசர் அச்சு அப்படி ஓடாது. செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம் என்பதால் வெளிச்சத்தில் பழுப்பேறும். அந்தப் பழுப்பு உங்களுக்கு வேண்டுமென்றால் சரி. வேண்டாமென்றால் அமிலமற்ற தாளில் லேசர் நகல் எடுத்து அதை வெட்டுங்கள்.

வெட்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடு நுணுக்கமான வேலைக்குப் பொருத்தம். மழுங்கிய பிளேடு வெட்டாது, கிழிக்கும், விரலையும் பதம் பார்க்கும், ஆகவே தயங்காமல் மாற்றுங்கள். கையைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். உள் வளைவுகளை முதலில், வெளிக்கோட்டைக் கடைசியில். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு உறுத்தினால் சாம்பல் நிறப் பென்சிலால் ஓரத்தை ஒருமுறை தடவினால் மறைந்துவிடும். கிழித்த ஓரத்தின் வெள்ளையை மட்டும் மறைக்காதீர்கள், அது அழகு.

ஒட்டுவதற்கு முன் இருக்கும் நேரத்தை நீட்டிக்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். துண்டுகளை அட்டை மேல் பசையில்லாமல் பரப்பி, கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, கலைத்து, வேறு மாதிரி அடுக்கி, மறுபடி படம் எடுக்கிறேன். மறுநாள் வரிசையாகப் பார்க்கும்போது எது நிற்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் துண்டுகள் குறைவாக இருப்பதே நிற்கிறது. ஜான் ஸ்டெசாக்கர் என்ற பிரிட்டிஷ் கலைஞர் பழைய திரைப்பட நடிகர்களின் முகப்படத்தின் மேல் ஒரு இயற்கைக்காட்சி அஞ்சலட்டையை வைக்கிறார், அவ்வளவுதான். கண் இருக்க வேண்டிய இடத்தில் குகை வாயோ பாலமோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டே துண்டு. அந்தத் துணிவு வருவதற்கு எத்தனை ஆயிரம் அட்டைகளை அவர் புரட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பேன். 2012-இல் டாய்ச்சே போர்ஸ் புகைப்படப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தான் எடுக்காத புகைப்படங்களுக்காகப் புகைப்படப் பரிசு பெற்ற மனிதர் என்று எங்கள் குழுவில் அவரைச் செல்லமாகக் கிண்டல் செய்வதுண்டு.

பரிமாற்றத்தை விட என்னை அதிகம் மாற்றியது கூட்டுப் படங்கள். ஒரே படத்தை மூன்று பேர் செய்வது. முதல் ஆள் தொடங்குவார், இரண்டாவது ஆள் தொடர்வார், மூன்றாவது ஆள் முடிப்பார். அஞ்சல் கலையின் தந்தை என்று சொல்லப்படும் ரே ஜான்சன், தன் தாள்களில் ‘இதில் எதையாவது சேர்த்து எனக்கே திருப்பி அனுப்பவும்’ என்று எழுதி நண்பர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால், 1925 வாக்கில் கனவையும் தற்செயலையும் கலையாக்கிய பாரிசின் சர்ரியலிஸ்டுகள் தாளை மடித்து, முந்தையவர் வரைந்தது தெரியாமல் அடுத்தவர் உடலின் அடுத்த பகுதியை வரையும் விளையாட்டை ஆடினார்கள். நாங்கள் செய்வது அவற்றின் பேரப்பிள்ளை.

இதில் கடினமான இடம் முதல் ஆளுடையது. தொடங்கித் தர வேண்டியவர் பெரும்பாலும் முடித்தே விடுகிறார். மையத்தில் ஒரு முகம், நான்கு மூலையிலும் ஏதாவது, மேலே பளபளப்புப் பூச்சு. அதை வாங்கும் இரண்டாவது ஆளுக்குச் செய்ய எதுவுமில்லை. மரியாதைக்காக ஓரத்தில் ஒரு பறவையை ஒட்டி அனுப்பிவிடுவார். நல்ல முதல் ஆள் பின்னணியோடு, அல்லது ஒரே ஒரு திசைக் குறிப்போடு நிறுத்திக்கொள்வார். ஒரு சாய்ந்த கோடு, ஒரு கால், ஒரு பாதி ஜன்னல். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர் தொடங்கி அனுப்பும் தாள் வந்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம். ‘எனக்கே அடுத்து என்ன வைக்கலாம் என்று ஆசை வரும் நேரத்தில் உறையில் போட்டு ஒட்டிவிடுவேன்’ என்றார் ஒருமுறை. இதை நான் என் தனிப் படங்களுக்கும் எடுத்துக்கொண்டேன். மூன்றில் ஒரு பங்கு ஆனதும் சுவரில் குத்திவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறேன். திரும்பி வரும்போது நானே அதன் இரண்டாவது ஆள்.

இரண்டாவது ஆளுக்கும் ஒரு கடமை உண்டு, பயப்படாமல் இருப்பது. என் தொடக்கம் ஒன்றை ஒருவர் நடுவில் கிழித்து, இரு பாதியையும் தலைகீழாக மாற்றி ஒட்டி அனுப்பினார். முதலில் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் படம் மூன்றாவது கையில் முடிந்து வந்தபோது, கிழிக்கப்படாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்த்தேன். என் பாணியில் இன்னொரு படம், அவ்வளவுதான். கிழிப்பதற்குத் தடை என்றால் அதை முன்கூட்டியே பின்புறத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அனுமதி கொடுத்ததாகத்தான் பொருள்.

எல்லாக் கூட்டு முயற்சியும் பலிக்காது. 1963-இல் நியூயார்க்கில் ஸ்பைரல் என்ற கறுப்பினக் கலைஞர்கள் குழுவில் ரோமேர் பியர்டன் ஒரு பை நிறையப் பத்திரிகைத் துண்டுகளைக் கொண்டுவந்து, எல்லோரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்வோம் என்றார். மற்றவர்களுக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவர் தனியாகவே தொடர்ந்தார். அந்தச் சிறிய கொலாஜ்களைப் பெரிதாக்கி நகலெடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனையைக் குழுவின் சக கலைஞர் ரெஜினால்ட் காமன் சொன்னார். அடுத்த ஆண்டு ‘ப்ரொஜெக்ஷன்ஸ்’ என்ற பெயரில் காட்சிக்கு வந்த அந்தப் பெரிய கறுப்பு வெள்ளைப் படங்களே பியர்டனின் திருப்புமுனை. குழு சேர்ந்து செய்யாத படத்துக்கும் குழு உதவியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு குழு வேண்டுமென்றால், மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையைப் பாருங்கள். கனடாவிலிருந்து வெளிவரும் ‘கோலாஜ்’ இதழ் 2018-இல் தொடங்கிய உலகக் கொலாஜ் தினம் அது. பல நாடுகளில் அன்று சிறு சிறு பட்டறைகள், பரிமாற்றங்கள் நடக்கின்றன. நீங்களே நான்கு பேரைக் கூட்டி ஒன்றை நடத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் எடின்பரோ கொலாஜ் கலெக்டிவ் என்ற குழு முன்னெடுக்கும் ‘ஃபெப்ருலாஜ்’ இருக்கிறது. நாளுக்கு ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு ஒரு கொலாஜ். மாதம் முழுவதும் செய்துதீர வேண்டும் என்று நினைத்து முதல் வாரத்திலேயே மூச்சு வாங்குபவர்கள் அதிகம். பிடித்த சொற்களை மட்டும் எடுங்கள். பெரிய குழுக்கள் நம் படங்களைப் பலருக்குக் காட்டுவதற்கு நல்லவை. கற்பதற்கு ஐந்தாறு பேர் கொண்ட குழுவே பயன்படும், ஏனென்றால் அங்கேதான் யாராவது உண்மையைச் சொல்வார்கள்.

உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘அருமை’ என்பதால் யாருக்கும் பயனில்லை. எங்கள் குழுவில் இரண்டு கேள்விகளைப் பழக்கமாக்கினோம். கண் முதலில் எங்கே போகிறது? எந்தத் துண்டை எடுத்தால் படம் குலையும்? இரண்டாவது கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னால் படம் நன்றாகப் பின்னியிருக்கிறது. எதை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்ற பதில் வந்தால், எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது.

பணம் கேட்கும் அழைப்புகளில் கவனமாக இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கண்காட்சிக்கு எங்களில் பலர் நுழைவுக் கட்டணம் கட்டி அசல் படங்களை அனுப்பினோம். சுவரில் ஒரு வாரம் இருந்தன. அதன் பிறகு படங்களும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இப்போது மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்காமல் நான் அனுப்புவதில்லை. கட்டணம் எதற்கு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, படத்தை அச்சிடும் உரிமை யாரிடம் இருக்கும்.

உரிமை என்றதும் எங்கள் கூட்டங்களில் குரல் உயரும். பிறர் எடுத்த படத்தை வெட்டி ஒட்டினால் அது நம்முடையதா? நீதிமன்றங்களே ஒரே மாதிரி சொல்லவில்லை. அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் ஒரு பத்திரிகைப் புகைப்படத்திலிருந்த கால்களைத் தன் ஓவியத்தில் வேறு படிமங்களோடு சேர்த்தது நியாயமான பயன்பாடு (அனுமதி கேட்காமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்று 2006-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே கூன்ஸ், ஒரு புகைப்படத்தைச் சிற்பமாக்கியதற்காக 1992-இல் தோற்றிருந்தார். 2023-இல் புகைப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித்துக்கும் மறைந்த ஓவியர் ஆண்டி வார்ஹாலின் அறக்கட்டளைக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்தை வைத்து வார்ஹால் செய்த படத்தைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது அந்தப் புகைப்படத்தின் சந்தையிலேயே போட்டியிடுகிறது என்று கருதி, புகைப்படக்காரர் பக்கம் நின்றது. நான் வழக்கறிஞர் அல்ல. இந்தத் தீர்ப்புகளிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட வழி இது: குறிப்பேட்டில் எதையும் வெட்டுவேன். விற்கவோ அச்சிடவோ போகும் படத்தில், ஒரே புகைப்படம் முழு ஆட்சி செய்கிறதா என்று பார்ப்பேன். செய்தால் அதன் உரிமையாளரிடம் கேட்பேன், அல்லது உரிமைக்காலம் முடிந்த படத்தைத் தேடுவேன். இந்தக் காலம் நாட்டுக்கு நாடு வேறுபடும். படைப்பாளி இறந்து 50, 60, 70 ஆண்டுகள் என்று வெவ்வேறு கணக்குகள் இருக்கின்றன.

தேடுவதற்கு இடம் நிறைய இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020-இலும் தங்கள் சேகரிப்பின் லட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் யாரும் பயன்படுத்தத் திறந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படியே. தாவரங்கள், விலங்குகள் வேண்டுமென்றால் பல்லுயிர் மரபு நூலகம் (Biodiversity Heritage Library) என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களின் பக்கங்கள் குவிந்திருக்கின்றன. இவை இருக்கும்போது நூறு வருடத்துப் பழைய புத்தகத்தை வெட்ட எனக்குக் கை வருவதில்லை. நகலெடுத்து, அளவை மாற்றி, அச்சிட்டு வெட்டலாம். அளவை மாற்ற முடிவதே பெரிய சுதந்திரம்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் செய்யத்தக்கது என்றும் இல்லை. பழைய பொருள் விற்பனையில் கிடைக்கும் குடும்பப் புகைப்படங்களில் யாரோ ஒருவரின் பாட்டி இருக்கிறார். அவர் முகத்தை வெட்டி மீன் தலையை வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. குழுவில் சிலருக்கு இதில் தயக்கமே இல்லை. அமெரிக்கக் கலைஞர் லோர்னா சிம்ப்சன், ‘எபனி’, ‘ஜெட்’ பத்திரிகைகளில் வந்த கறுப்பினப் பெண்களின் முகங்களை அப்படியே விட்டு, கூந்தலின் இடத்தில் நீர்வண்ணத்தையும் கனிமங்களின் படங்களையும் வைத்தார். அந்தப் பெண்கள் எவரும் அதில் சிறுத்துப் போகவில்லை. வெட்டிய பிறகு அந்த மனிதர் வளர்ந்திருக்கிறாரா, குறைந்திருக்கிறாரா என்று பார்ப்பது எனக்கு உதவுகிறது.

இப்போது குழுக்களைப் பிரித்திருப்பது செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்கள். சிலர் அவற்றை அச்சிட்டு வெட்டுகிறார்கள், பத்திரிகைத் தாளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்கிறார்கள். எனக்கு வித்தியாசம் படத்தின் பின்புறத்தில் தெரிகிறது. நான் ஒவ்வொரு கொலாஜின் பின்னாலும் எந்தத் துண்டு எந்த இதழிலிருந்து வந்தது, எந்த ஆண்டு, யார் வெட்டிக் கொடுத்தது, தெரிந்தால் புகைப்படக்காரரின் பெயர், எந்தப் பசை என்று குறித்துவைக்கிறேன். இயந்திரம் உருவாக்கிய படத்துக்கு அங்கே எழுத யாருடைய பெயரும் கிடைப்பதில்லை. எங்கள் குழு இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்போதைக்கு, கூட்டுப் படங்களில் அப்படி ஒரு துண்டு இருந்தால் அதையும் பின்னால் குறிப்பிட வேண்டும் என்பதோடு நிறுத்தியிருக்கிறோம்.

இந்தக் குறிப்பைப் படம் முடிந்த பிறகு எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். துண்டை வெட்டும்போதே ஒரு சீட்டில் குறித்து அதனோடு செருகிவையுங்கள். படத்தின் பின்னால் எழுதும்போது அழுத்தாமல், மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை அட்டை வழியாக ஊறி முன்பக்கம் வந்துவிடக்கூடும்.